எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? கூட்டுறவுச் சங்கங்களின் பணிமூப்பு வழக்குகளை முன்வைத்து

அப்பாவிடம் ஒரு பச்சை நிற அட்டை ஃபைல் உண்டு. நாடா வைத்துக் கட்டுகிற பழைய வகை. உள்ளே மூன்று மனுக்களின் கார்பன் நகல், மூன்று பதில்கள், தபால் ஒப்புகை அட்டைகள், கூட்டுறவுப் பயிற்சி முடித்த சான்றிதழின் நகல். மொத்தம் இருபது தாள் தேறாது. ஒரு மனிதருடைய பதினாறு வருட மனக்குறை அவ்வளவுதான் எடை.

நான் வக்கீல் அல்ல. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடமாக மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன். ஆனால் அப்பா ஓய்வு பெற்ற பிறகு, அந்த ஃபைலுக்கு ஒரு பதில் கண்டுபிடிக்க வேண்டும் என்று கூட்டுறவுத் துறை பணிமூப்பு வழக்குகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் என் எண்ணம் ரொம்ப எளிமையானது: அப்பாவுக்கு அநியாயம் நடந்திருக்கிறது, அதை எந்தத் தீர்ப்பு சொல்கிறது என்று பார்க்க வேண்டும். படித்து முடித்தபோது அந்த எண்ணம் அப்படியே இல்லை. ஏன் மாறியது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கதை. அப்பா 1982-இல் கொங்குப் பக்கத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில், ஊர்ப் பேச்சில் சொன்னால் சொசைட்டியில், எழுத்தராகச் சேர்ந்தார். தலைவர் கூப்பிட்டார், தீர்மானம் போட்டார்கள், வேலை. தினக்கூலி. 1990-இல் பணிவரன்முறை செய்து சம்பள விகிதம் கொடுத்தார்கள். இன்னொருவர் 1985-இல் விற்பனையாளராக வந்தார், வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக. அவருக்கு முதல் நாளே சம்பள விகிதம். 1999-இல் செயலாளர் ஓய்வு பெற்றார். நாற்காலி அந்த விற்பனையாளருக்குப் போனது. அப்பா மனுப் போட்டார்: "நான் அவரைவிட மூன்று வருடம் சீனியர்." பதில் இரண்டு வரி. மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது. காரணம் இல்லை.

ஐந்து பேர் இருக்கிற ஆபீஸ்

அரசுத் துறையில் சீனியாரிட்டி தகராறு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். முந்நூறு பேர் பட்டியலில் ஒருவர் 112-வது இடமா 140-வது இடமா என்பது பிரச்சினை. தோற்றவருக்கு இரண்டு மூன்று வருடம் தாமதமாகப் புரமோஷன் வரும். கோபம் இருக்கும், ஆனால் வரும்.

தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி முதலாளி. ஒரு சாதாரணச் சங்கத்தில் யார் இருப்பார்கள்? செயலாளர், ஓரிரண்டு எழுத்தர், நகை மதிப்பீட்டாளர், ரேஷன் கடை விற்பனையாளர், இரவுக் காவலர். மேலே போக ஒரே ஒரு நாற்காலிதான். அதில் உட்கார்ந்தவருக்கு நாற்பது வயது என்றால் அது அடுத்து காலியாக இன்னும் பல வருடம். அதற்குள் மற்றவர்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள். ஆக இங்கே ஒரு புரமோஷனை இழப்பது என்றால் எல்லாப் புரமோஷனையும் இழப்பது.

பணமாகவும் பார்க்கலாம். இவர்களுக்கு அரசு ஊழியர்களுக்கு இருந்த பழைய ஓய்வூதியம் கிடையாது. கடைசியில் கையில் வருகிற பெரிய தொகைகளில் ஒன்று பணிக்கொடை. அப்போதிருந்த 1972 சட்டப்படி அதன் கணக்கு: கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய வருடங்களால் பெருக்க வேண்டும். செயலாளருக்கும் எழுத்தருக்கும் கடைசிச் சம்பளத்தில் மாதம் 4,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 33 வருட சர்வீசுக்கு அந்த ஒரு தலைப்பில் மட்டும் சுமார் 76,000 ரூபாய். அதற்கு முன்னால் பதினாறு வருடம் மாதாமாதம் வராமல் போனது தனி.

இவ்வளவு விஷயம் தொங்குகிற ஒரு முடிவு, எந்தச் சட்டத்தின்படி எடுக்கப்படுகிறது?

விதியை எழுதச் சொல்லும் விதி

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் என்றாலும் நடைமுறைக்கு வந்தது 1988-இல், விதிகளோடு சேர்த்து. அந்த விதிகளில் 149-வது விதிதான் ஊழியர்களுக்கான விதி. அது என்ன சொல்கிறது? ஒவ்வொரு சங்கமும் தன் வியாபாரம், நிதிநிலை எல்லாம் பார்த்து, பதிவாளரின் முன் ஒப்புதலோடு, பணி நிபந்தனைகளுக்கென்று ஒரு சிறப்புத் துணை விதி செய்துகொள்ள வேண்டும். பணியிடங்கள் எத்தனை, என்ன தகுதி, எப்படி நியமனம், என்ன சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். யார் சீனியர், யாரை எப்படிச் செயலாளர் ஆக்குவது என்று தேடினாலும் நாம் போய் நிற்கப்போவது அந்தத் துணை விதியில்தான்.

சரி, துணை விதி சட்டமா? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1969-லேயே பதில் சொல்லிவிட்டது. ஆந்திராவின் கூட்டுறவு மத்திய வங்கி ஒன்றின் வழக்கு. சங்கத்தின் துணை விதிகள் ஒரு கம்பெனியின் சங்க நடைமுறை விதிகளைப் போன்றவை, உள்நிர்வாகத்துக்கானவை, சட்டத்தின் பலம் அவற்றுக்கு இல்லை. அந்த வழக்கில் இது ஊழியர்களுக்குச் சாதகமாகத்தான் வேலை செய்தது. துணை விதி சட்டம் இல்லை என்பதால், அதற்கு மாறான பணி நிபந்தனைகளையும் தொழில் தீர்ப்பாயம் கொடுக்கலாம் என்று ஆனது. ஆனால் அதே வாக்கியம் முப்பத்தேழு வருடம் கழித்து வேறு பக்கம் திரும்பி நின்றது.

2006-இல் மாரப்பன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கூட்டுறவுச் சங்கத்தின் மீது ரிட் மனு நிற்குமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. கவனமாக எழுதப்பட்ட தீர்ப்பு. முழுக்கக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று சிலர் சொல்வது சரியல்ல. சட்டம் நேரடியாகச் சுமத்திய பொதுக் கடமையை சங்கம் மீறினால் ரிட் வரும். பதிவாளர் போன்ற அதிகாரிகள் சட்ட அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்வதை எதிர்த்தும் வரும். ஆனால் அந்தச் சங்கம் அரசியல் சாசனத்தின் 12-வது பிரிவுப்படி 'அரசு' இல்லை. 'அரசு' அல்லாத சங்கத்தில், துணை விதிப்படி அமைந்த பணி நிபந்தனைகளை ரிட் மூலம் அமல்படுத்தக் கேட்க முடியாது. ஏனென்றால் துணை விதிக்குச் சட்டத்தின் பலம் இல்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பணி நிபந்தனைகளைத் துணை விதியில் எழுது என்று கட்டளையிடுவது சட்டப்படியான விதி. எழுதியதும், எழுதப்பட்டது சட்டம் இல்லை. சங்கம் துணை விதியே செய்யவில்லை என்றால் 149-ஐ மீறிவிட்டது என்று கேட்கலாம். நன்றாக ஒரு துணை விதி செய்து, ஒப்புதலும் வாங்கி, பிறகு அதை மீறினால் ரிட்டில் கேட்க வழியில்லை.

உமாராணி

இதோடு ஏ. உமாராணி எதிர் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் வழக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2004, உச்ச நீதிமன்றம், மூன்று நீதிபதிகள். தமிழ்நாட்டுச் சங்கங்களில் பணியிட எண்ணிக்கைக்கு மேலும், தகுதி பார்க்காமலும், வேலைவாய்ப்பு அலுவலகத்தைக் கேட்காமலும் ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். 2001 மார்ச்சில் அரசு ஒரு ஆணை போட்டு அவர்களில் ஒரு பகுதியை வரன்முறைப்படுத்தப் பார்த்தது. வழக்கு அங்கிருந்து வந்தது. 149-வது விதி கட்டாயமானது, அதை மீறிய நியமனம் சட்டவிரோதம், சட்டவிரோதமானதை அரசாணை போட்டு வரன்முறைப்படுத்த முடியாது, வரன்முறை என்பது நியமனத்துக்கான ஒரு வழி அல்ல என்றது நீதிமன்றம். இரண்டு வருடம் கழித்து உமாதேவி வழக்கில் அரசியல் சாசன அமர்வும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டிப் பேசியது.

தனியாகப் படித்தால் உமாராணி தீர்ப்போடு சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை. தலைவர் கைகாட்டிய ஆளை எல்லாம் உள்ளே விட்டால், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவன் கதி என்ன? அந்த நியாயம் புரிகிறது. எங்கள் வீட்டுச் சோறு அப்படி ஒரு தீர்மானத்தில் இருந்து வந்தது என்பதும் புரிகிறது.

என் விமர்சனம் வேறு. உள்ளே வந்த விதத்தைச் சோதிக்கும்போது 149 ஒரு கட்டாயச் சட்டம். மீறினால் இருபது வருட சர்வீசும் போகும். உள்ளே வந்தபின் நடத்தப்பட்ட விதத்தைச் சோதிக்கும்போது, அதே 149-இன் கீழ் செய்த துணை விதி ஒரு உள்நிர்வாக ஏற்பாடு. ஊழியருக்கு எதிராகப் போகும்போது சட்டம், ஊழியர் கையில் எடுத்தால் வெறும் காகிதம். இரண்டு தீர்ப்பிலும் தர்க்கப் பிழை இல்லை; ஒன்று விதியைப் பற்றியது, மற்றது துணை விதியைப் பற்றியது. பிழை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் தொழிலில் இது தினசரி நடப்பது. ஒவ்வொரு மாட்யூலும் தனித்தனியாகச் சோதனையில் தேறும். சேர்த்து ஓட்டினால் பயனர் நடுவில் தொங்குவார். யாரைக் கேட்டாலும் "என் பகுதி சரியாக இருக்கிறது" என்பார்கள். உண்மையும் அதுதான்.

மற்ற கதவுகள்

ரிட் இல்லை என்றால் தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். அப்பா எழுத்தர், 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருவார். ஆனால் 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில், தனி ஒருவரின் பிரச்சினை தானாகவே தொழில் தகராறு ஆனது 2ஏ பிரிவின்படி மட்டும்தான். அந்தப் பிரிவு வேலைநீக்கம், ஆட்குறைப்பு போன்ற, வேலையே போகிற விஷயங்களுக்கு. புரமோஷன் மறுப்பு அதில் இருக்கவில்லை. அதை எடுத்துச் செல்ல சங்கமோ கணிசமான சக தொழிலாளர்களோ ஆதரிக்க வேண்டியிருந்தது. 2020-இன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தனிநபர் தகராறின் வரையறை வேலைநீக்கத்தைச் சுற்றியேதான் இருக்கிறது.

இதில் நடைமுறைச் சிக்கல் என்னவென்று அப்பாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. தொழிற்சங்கத்தில் அப்பாவும் உறுப்பினர், அந்த விற்பனையாளரும் உறுப்பினர். "ரெண்டு பேரும் நம்ம ஆளு, நாங்க யாருக்குன்னு பேசறது?" என்றார்களாம். அவர்கள் மேலும் தப்பில்லை. சம்பள உயர்வு என்றால் சங்கம் முதலாளியோடு மோதும். சீனியாரிட்டி என்றால் உறுப்பினர் உறுப்பினரோடு மோத வேண்டும். கூட்டு பேரத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு வழியில் இரண்டு தொழிலாளர்களுக்கு இடையிலான வழக்கு நுழையாது.

அடுத்தது கூட்டுறவுச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிற வழிகள். 90-வது பிரிவு, சங்கத்தின் நிர்வாகம் அல்லது வணிகம் தொடர்பான தகராறுகளைப் பதிவாளரின் தீர்ப்புக்கு அனுப்புகிறது. ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை இதில் வராது என்று வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. சீனியாரிட்டி பற்றி வாயே திறக்கவில்லை. அது 'நிர்வாகம்' என்று ஒருவர் வாதிடலாம். பணி நிபந்தனைகள் சங்கத்தின் 'வணிகம்' ஆகாது என்று 1969 தீர்ப்பை வைத்து எதிர்ப்பக்கம் வாதிடலாம். நடைமுறையில் ஊழியர்கள் போவது 153-வது பிரிவின்படி சீராய்வு மனுவுக்கு. துணைப்பதிவாளர் அலுவலக ஒப்புதலோடு நடந்த ஒன்றை, அவருக்கு மேலே இருக்கும் இணைப்பதிவாளரிடம் முறையிடுவது. நேர்மையான அதிகாரிகள் சரியாகவே முடிவெடுப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் ஒப்புதல் கொடுத்த துறையே நீதிபதியாகவும் இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் விட முடியாது.

அப்பாவின் இரண்டாவது மனு 2002-இல். அப்போது சங்கங்களில் நிர்வாகக் குழு இல்லை, தனி அலுவலர்கள் காலம். பதில்: நிர்வாகக் குழு அமைந்த பிறகு பரிசீலிக்கப்படும். மூன்றாவது மனு 2006-இல், துணைப்பதிவாளருக்கு. அது "தக்க நடவடிக்கைக்காக" என்று எழுதிச் சங்கத்துக்கே திரும்பி வந்தது. யார் மேல் புகாரோ அவர் மேஜைக்கு. அதன் நகல்தான் ஃபைலில் இருக்கிற மூன்றாவது பதில்.

ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீர்கள்?

2006-இல் அப்பா ஒரு வக்கீலைப் பார்த்தார். அவர் சொன்னது: "ஏழு வருசம் ஆயிருச்சுங்க. இனி எங்க போனாலும் முதல் கேள்வி அதுதான்."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பி.எஸ். சதாசிவசாமி எதிர் தமிழ்நாடு அரசு என்ற 1974-ஆம் ஆண்டின் தீர்ப்பு, பணி வழக்குகளில் இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. தனக்குக் கீழே இருந்தவர் தன்னைத் தாண்டிப் புரமோஷன் பெற்றால், ஆறு மாதத்துக்குள், மிஞ்சிப்போனால் ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் வர வேண்டும் என்று அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010-இல் சிவசங்கர் மொகபத்ரா வழக்கில், சீனியாரிட்டிப் பட்டியலை எதிர்க்க மூன்று நான்கு வருடம் நியாயமான காலம் என்று கொஞ்சம் தளர்த்திப் பேசியது. காரணம் இரண்டிலும் ஒன்றேதான்: அமைந்துவிட்ட ஒன்றை ரொம்ப நாள் கழித்துக் கலைத்தால், இடையில் அதை நம்பி வாழ்ந்தவர்கள் பாதிக்கப்படுவார்கள்.

இந்தக் காரணத்தை நான் ஏற்கிறேன். 1999-இல் செயலாளர் ஆனவர் அந்த நாற்காலியை நம்பி வீடு கட்டியிருப்பார், பெண்ணுக்குக் கல்யாணம் செய்திருப்பார். 2006-இல் போய் "இறங்கு" என்பது அவருக்கும் கொடுமை.

ஆனால் இந்தக் கால வரம்புக்கு அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது. பட்டியல் என்று ஒன்று வெளியானது, அது ஊழியர் கைக்குக் கிடைத்தது, ஆட்சேபம் சொல்ல அவகாசம் இருந்தது என்கிற அனுமானம். அரசுத் துறையில் தற்காலிகப் பட்டியல், ஆட்சேபம், இறுதிப் பட்டியல் என்று ஒரு சடங்காவது உண்டு. அப்பாவின் சங்கத்தில் 33 வருடத்தில் ஒரு தடவைகூட சீனியாரிட்டிப் பட்டியல் ஒட்டப்படவில்லை. ஐந்து பேருக்கு எதற்குப் பட்டியல் என்று நினைத்திருப்பார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யார் எப்போது வந்தார் என்பதும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்பது.

எந்தத் தேதி

வரிசைப்படுத்த வேண்டும் என்றால் எதை வைத்து வரிசை என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரு ஊழியருக்கு ஒரே ஒரு தேதி இருப்பதில்லை. வேலைக்கு வந்த தேதி, வரன்முறை ஆன தேதி, பயிற்சி தேறிய தேதி. எதை எடுக்கிறோமோ அதற்கேற்ப வரிசை மாறும்.

இதற்கான அடிப்படைத் தீர்ப்பு 1990-இல் வந்தது, மகாராஷ்டிரப் பொறியாளர்கள் வழக்கில், அரசியல் சாசன அமர்வு. அதில் இரண்டு கருத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது: விதிப்படி நியமிக்கப்பட்டால் நியமனத் தேதியிலிருந்து சீனியாரிட்டி, விதிக்குப் புறம்பான தற்காலிக ஏற்பாடு என்றால் அந்தக் காலம் கணக்கில் வராது. இரண்டாவது: விதிமுறை முழுதாகப் பின்பற்றப்படாவிட்டாலும், விதிப்படி வரன்முறை ஆகும்வரை இடையறாது அந்தப் பணியில் இருந்தால், அந்தக் காலமும் கணக்கில் வரும். இந்த இரண்டில் தன் வழக்கு எதில் விழுகிறது என்பதுதான் அதற்குப் பிறகு வந்த சீனியாரிட்டி வழக்குகளில் பெரும் பகுதி.

2016-இல், அப்பா ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் துணைப்பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதினேன். சங்கத்துக்கு நேராக எழுதிப் பயனில்லை. 2013-இல் கேரளத்தின் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில், பொதுவாகக் கூட்டுறவுச் சங்கம் அந்தச் சட்டத்தின்படி 'பொது அதிகாரம்' ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், பதிவாளர் பொது அதிகாரம்தான், சட்டப்படி சங்கத்திடமிருந்து அவர் பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் இருக்கிறது. இந்தப் பின்பாதியைப் பலர் கவனிப்பதில்லை. அந்த வழியாகத்தான் அப்பாவின் சங்கத்தின் சிறப்புத் துணை விதி கையில் வந்தது. ஒன்பது பக்கம்.

அதில் தெளிவாக இருந்தது. செயலாளர் பதவிக்கு எழுத்தர், விற்பனையாளர் இருவரும் தகுதி. பயிற்சி முடித்திருக்க வேண்டும். பணிமூப்பு முறையான நியமனத் தேதியிலிருந்து கணக்கிடப்படும்.

முறையான நியமனம். அப்பாவுக்கு 1990. அவருக்கு 1985.

அதாவது அப்பா மூன்று வருடம் சீனியர் இல்லை. ஐந்து வருடம் ஜூனியர்.

1990 தீர்ப்பின் இரண்டாவது கருத்தை வைத்து வாதாட இடம் இருந்தது. எட்டு வருடம் ஒரு நாள் விடாமல் அதே மேஜையில் இருந்திருக்கிறார். ஜெயித்திருப்பாரா என்றால், உமாராணிக்குப் பிறகு எனக்கு நம்பிக்கை இல்லை. துணை விதியைப் படித்து அப்படியே நடந்திருக்கிறார்கள் என்றால் சங்கம் செய்தது சரி. எதிரி என்று நான் சின்ன வயதிலிருந்து நினைத்த மனிதர் யாருடைய நாற்காலியையும் எடுக்கவில்லை.

அப்படியானால் அநியாயம் எதுவும் நடக்கவில்லையா? நடந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதன் இடம் மட்டும் மாறிவிட்டது. ஒன்பது பக்கத் துணை விதியில் இருந்த ஒரு வரியை 1999-இல் பதிலில் எழுதியிருந்தால் போதும். அப்பா ஒத்துக்கொண்டிருப்பார், அல்லது அன்றைக்கே வழக்குப் போட்டிருப்பார். காரணம் எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாததால் யாரும் எழுதவில்லை. நீதிமன்றமும் தொழிலாளர் துறையும் கூட்டுறவுத் துறையும் "இங்கே இல்லை" என்று சொல்ல முடிகிற ஏற்பாட்டில், முதலில் தொலைந்து போவது புரமோஷன் இல்லை, பதில்.

பக்கத்து மாநிலம்

வேறு எப்படி இருக்க முடியும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், வாளையாறு தாண்டினால் போதும். கேரளக் கூட்டுறவுச் சட்டம் 69-வது பிரிவில், பிற்பாடு ஒரு திருத்தத்தின் மூலம், ஊழியர்களின் வேலை தொடர்பான தகராறுகளையும் சேர்த்தார்கள். பதவி உயர்வும், ஊழியர்களுக்கு இடையிலான பணிமூப்பும் அதில் அடங்கும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். பணம் சாராத தகராறுகளை விசாரிக்க கூட்டுறவு நடுவர் நீதிமன்றம் என்று தனியாக ஒன்று. 2018-இல் கொச்சியின் கூட்டுறவு மருத்துவமனைச் சங்க வழக்கில், கேரளச் சட்டப்படியும் போகலாம், தொழில் தகராறு சட்டப்படியும் போகலாம், தேர்வு ஊழியருடையது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேரளத்தில் வழக்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏராளம். ஆனால் நான் படித்தவரை ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. அங்கே வழக்குகள் யார் சீனியர் என்பதைப் பற்றிப் பேசுகின்றன. நம்மூர் வழக்குகளில் முதல் பாதி, இந்த மனு இங்கே நிற்குமா என்பதிலேயே போய்விடுகிறது.

நம் சட்டத்திலும் 90-வது பிரிவில் நாலு சொல் சேர்க்கலாம். அதற்குச் சட்டமன்றம் வேண்டும். அதற்கு முன்பே, பதிவாளரின் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சங்கமும் வருடத்துக்கு ஒரு தடவை, ஐந்து பேர் இருந்தாலும் சரி, பெயர், எண்ணும் தேதி, துணை விதியின் எந்த வரி என்று மூன்று பத்தியில் ஒரு பட்டியல் ஒட்டட்டும். ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கட்டும். அதன்பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் என்று கால வரம்பு பேசினால் அதில் நியாயம் இருக்கும்.

கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவர் யாராவது இதைப் படித்தால், காலியிடம் வருவதற்கு முன்பே துணைப்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் சங்கத்தின் சிறப்புத் துணை விதி நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சட்ட விளக்கத்தில் நான் எங்காவது தவறியிருந்தால் எழுதுங்கள், திருத்துகிறேன்.

துணை விதி வந்த அன்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"அப்ப அவன்தான் சீனியரா?"

"இதுப்படி பார்த்தா ஆமாங்ப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை அன்னைக்கே ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்திருந்தா, நான் அவன்கூடப் பேசாம இருந்திருக்க மாட்டேன்" என்றார்.

பதினாறு வருடம் ஒரே அறையில், பத்தடி தள்ளி உட்கார்ந்து, ஆபீஸ் விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறார்கள் இரண்டு பேரும். எனக்கு அதுவரை தெரியாது. ஃபைலிலும் இல்லை.